டான்சில் கணக்கு

நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஆயிரம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்கள். டான்சிலை வெட்டி எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி. ஆயிரத்தில் 611 பேருக்கு அது ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. மிச்சம் 389 பேர். பள்ளி மருத்துவர்கள் அவர்களைச் சோதித்து 174 பேருக்கு அறுவை தேவை என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினார்கள்; அவர்கள் 99 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறை தப்பிய 116 பேர் மூன்றாவது முறையும் வாயைத் திறந்தார்கள். அதில் 51 பேர் மாட்டினார்கள். கடைசியில் எஞ்சியவர்கள் 65 பேர். அவர்களை மேலும் சோதிக்கவில்லை. பார்ப்பதற்கு மருத்துவர்கள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

1934-இல் அமெரிக்கக் குழந்தை நலச் சங்கம் வெளியிட்ட ஆய்வு இது. மூன்று சுற்று எண்களையும் வகுத்துப் பாருங்கள்: 45, 46, 44 சதவீதம். முதல் சுற்றில் ‘நல்ல தொண்டை’ என்று கழிக்கப்பட்டவர்கள்தாம் இரண்டாம் சுற்றுக்கு வந்தவர்கள். அப்படியென்றால் விகிதம் மளமளவென்று இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வரிசையில் யார் நின்றாலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கத்தி என்று மருத்துவரின் கண் பழகியிருந்தது. இத்தனைக்கும் அவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தம் முன்னால் நின்ற பிள்ளையின் தொண்டையைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஒரு பிள்ளை, ஒரு மருத்துவர் என்று தனித்தனியாகப் பார்த்தால் இதில் ஒரு குற்றமும் தெரியாது. ஆயிரத்தையும் ஒன்றாகக் குவித்தபோதுதான் தெரிந்தது.

சுகாதாரக் கொள்கை என்ற பாடத்தின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. மருத்துவம் படிப்பவருக்கு நோயாளி இருக்கிறார், பிணவறை இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது. கொள்கை படிப்பவருக்குக் காட்ட என்ன இருக்கிறது? ஒரு நாட்டைப் படுக்கையில் கிடத்தி நாடி பிடிக்க முடியாது. குவியல்தான் அவருடைய ஆய்வுக்கூடம்: பதிவேடுகள், மருத்துவமனைச் சீட்டுகள், வீடு வீடாகப் போய்க் கேட்ட கணக்குகள். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை இந்தக் குவியல்கள் அலுவலக அலமாரிகளில் கிடந்தன. அனுமதிக் கடிதமும் அலைச்சலும் இல்லாமல் கிட்டே போக முடியாது. இன்று அவற்றில் பெரும்பகுதி இணையத்தில், காசில்லாமல், கல்லூரி மாணவர் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது. அதனால் இந்தப் பாடமே மாறிப்போயிருக்கிறது. எப்படி மாறியது என்று சொல்ல, டான்சிலைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

நியூயார்க் ஆய்வு வெளிவந்த நான்கு ஆண்டுகளில், 1938-இல், இங்கிலாந்தில் ஆலிசன் குளோவர் என்ற மருத்துவ அதிகாரி பள்ளிச் சுகாதாரத் துறையின் ஆண்டறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களில் டான்சில் அறுவையின் அளவு பல மடங்கு வேறுபட்டது. குளிர், நெரிசல், வறுமை, வீட்டு வசதி என்று எதனோடு பொருத்திப் பார்த்தாலும் பொருந்தவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகமாக அறுத்திருந்தார்கள். லண்டனுக்கு வடக்கே ஹார்ன்ஸி என்ற ஊரில் பள்ளி மருத்துவ அதிகாரி மாறினார். அறுவைகள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. பிள்ளைகள் மாறவில்லை, தொண்டை மாறவில்லை, அதிகாரி மட்டுமே மாறியிருந்தார். அந்தக் காலத்தில் இந்த அறுவையால் ஆண்டுதோறும் குழந்தைகள் செத்துக்கொண்டும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால் இந்தக் கணக்கின் கனம் புரியும்.

குளோவரின் கட்டுரை பாராட்டப்பட்டது, பிறகு மறக்கப்பட்டது. முப்பது ஆண்டு கழித்து அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் வென்பர்க் என்ற இளம் மருத்துவர் அதே பள்ளத்தில் விழுந்தார். அவர் தேடிப் போனது வேறொன்றை. பல்கலைக்கழக மருத்துவமனைக்குத் தொலைவில் இருக்கும் மலைக் கிராமங்களுக்குச் சிகிச்சை போய்ச் சேராமல் இருக்கும், அதைக் கண்டுபிடித்து அரசுக்குச் சொல்லலாம் என்று போனார். புள்ளியியலாளர் ஆலன் கிட்டல்சனோடு சேர்ந்து அவர் செய்த வேலை மிக எளியது. மருத்துவமனையிலிருந்து வெளியேறிய ஒவ்வொருவரின் பதிவிலும் ‘எந்த ஊர்’ என்பதைப் பார்த்தார். எந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் எந்த மருத்துவமனைக்குப் போகிறார்களோ அந்த ஊர்களையெல்லாம் ஒரு வட்டாரமாகச் சேர்த்தார். பிறகு, அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நடந்த அறுவைகளை அந்த வட்டாரத்து மக்கள்தொகையால் வகுத்தார்.

மக்கள்தொகையால் என்பது முக்கியம். மருத்துவமனை தன் கணக்கைத் தன்னிடம் வந்தவர்களை வைத்துப் போடும். வந்தவர்களில் இத்தனை பேர் குணமானார்கள், இத்தனை பேருக்கு அறுவை என்று. வராதவர்கள் அதில் இல்லை. வென்பர்க் வராதவர்களையும் பின்னத்தின் பகுதியில் போட்டார். சுகாதாரக் கொள்கையில் பாதிச் சண்டை தொகுதியைப் பற்றியது போலத் தோன்றும். உண்மையில் பகுதியைப் பற்றியதாகவே இருக்கும்.

விடை வந்தது. பதின்மூன்று வட்டாரங்களில் டான்சில் அறுவை பத்தாயிரம் பேருக்கு 13 என்ற அளவிலிருந்து 151 வரை நீண்டது. ஒரே மாநிலம், ஒரே மலைக்காற்று, ஏறத்தாழ ஒரே மாதிரி மக்கள். வென்பர்க்கின் பிள்ளைகள் வாட்டர்பரி என்ற ஊர்ப் பள்ளியில் படித்தார்கள்; அங்கே டான்சில் போன பிள்ளைகள் குறைவு. கொஞ்ச தூரம் தள்ளி மாரிஸ்வில் பக்கம் வீடு எடுத்திருந்தால், பதினைந்து வயதுக்குள் அவர்களுக்கும் அது போயிருக்கும் வாய்ப்பே அதிகம். மருத்துவ இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 1973 டிசம்பரில் ‘சயன்ஸ்’ இதழ் வெளியிட்டது. இதில் எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. எண்களை வெர்மான்ட் மருத்துவர்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். அதிகம் அறுத்த ஊரின் மருத்துவர்கள் தங்கள் பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்தார்கள். இனி இன்னொருவர் கருத்தையும் கேட்டுச் செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். அறுவைகள் விழுந்தன. சட்டம் இல்லை, தண்டனை இல்லை. பக்கத்து ஊரின் எண்ணைத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

1987-இல் வென்பர்க் ‘லான்செட்’ இதழில் பாஸ்டனையும் நியூ ஹேவனையும் ஒப்பிட்டார். இரண்டும் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரிகள் உள்ள நகரங்கள். பாஸ்டன்காரர்கள் ஆயிரம் பேருக்கு 4.5 மருத்துவமனைப் படுக்கைகளைப் பயன்படுத்தினார்கள். நியூ ஹேவன்காரர்கள் 2.9. பாஸ்டனில் செலவோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாவு விகிதத்தில் வேறுபாடு இல்லை. நியூ ஹேவன் மருத்துவர்களைக் கேட்டால், நோயாளிகளுக்கு எதையும் குறைத்ததாக அவர்களுக்கு நினைவே இல்லை. பாஸ்டன்காரர்களுக்கும் கூடுதலாகச் செய்ததாகத் தோன்றவில்லை. படுக்கை கட்டினால் அது நிரம்பும் என்று மில்டன் ரோமர் என்ற பொதுச் சுகாதார அறிஞர் முன்பே சொல்லியிருந்தார். கட்டியவருக்கும் படுத்தவருக்கும் அது தெரியாமலே நிரம்புகிறது என்பதை இந்த ஒப்பீடு காட்டியது.

இந்தக் கணக்கை நாடு முழுவதற்கும் போட்டதுதான் டார்ட்மத் சுகாதார அட்லஸ். 1996-இல் புத்தகமாக வந்தது. பிறகு இணையத்துக்கு வந்தது. அமெரிக்காவை 306 மருத்துவமனை வட்டாரங்களாகப் பிரித்து, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பதிவுகளை வைத்து, இன்ன ஊரில் தலைக்கு எவ்வளவு செலவு, இடுப்பு மூட்டு மாற்று எத்தனை, வாழ்வின் கடைசி ஆறு மாதத்தில் மருத்துவமனையில் எத்தனை நாள் என்று வண்ண வரைபடமாகப் போட்டார்கள். அட்டவணைகளை அப்படியே பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். வென்பர்க் ஆண்டுக்கணக்கில் அலைந்து சேர்த்த மாதிரிக் கணக்கை ஒரு மாணவர் ஒரு பிற்பகலில் போட்டுவிடலாம் என்ற நிலை வந்தது.

அப்படி அட்லஸைப் பார்த்து ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர் அறுவை மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே. டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையில் இருக்கும் மெக்காலன். 2006-இல் அங்கே மெடிகேர் ஒரு முதியவருக்குச் செலவழித்தது சுமார் 15,000 டாலர். அதே எல்லையில், அதே மாதிரி மக்கள் வாழும் எல் பாசோவில் அதில் பாதி. நேரில் போய் மருத்துவர்களோடு பேசி, நோய் அதிகம் என்பதால் அல்ல, சோதனையும் அறுவையும் அதிகம் என்பதால்தான் செலவு என்று 2009 ஜூனில் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதினார். அதிபர் ஒபாமா அதைப் படித்துவிட்டு, தன்னைச் சுற்றியிருந்தவர்களையும் படிக்கச் சொன்னார். சுகாதாரச் சீர்திருத்தச் சட்டம் சூடுபிடித்திருந்த நேரம். மெக்காலன் ஒரே வாரத்தில் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது. பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட ருசியான உதாரணம் கிடைக்காது. பல வகுப்புகள் இதோடு மணியடித்துக் கலைந்திருக்கும்.

கலைந்திருக்கக் கூடாது. அடுத்த ஆண்டே சில ஆய்வாளர்கள் வேறொரு பதிவேட்டை எடுத்தார்கள்: 65 வயதுக்குக் கீழே, தனியார் காப்பீடு உள்ளவர்களின் பதிவேடு. அதில் மெக்காலனின் தலைக்கான செலவு எல் பாசோவைவிட 7 சதவீதம் குறைவு. அதே ஊர், அதே மருத்துவர்கள், பல இடங்களில் அதே கருவிகள். கணக்கு மட்டும் தலைகீழ். 2015-இல் ஆய்வாளர் ஸாக் கூப்பரும் அவருடைய கூட்டாளிகளும் மூன்று பெரிய தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் பதிவுகளை நாடு தழுவிப் பார்த்தார்கள். மெடிகேர் செலவு குறைந்த ஊர்களில் தனியார் செலவும் குறைவாக இருக்கும் என்று எண்ண இடமே இல்லை என்று தெரிந்தது. இரண்டுக்கும் ஒட்டு உறவு மிகக் குறைவு.

காரணம் கேட்டால் எளியதுதான். மெடிகேரில் விலையை அரசு தீர்மானிக்கிறது. ஆகவே ஊருக்கு ஊர் செலவு மாறினால், பெரும்பாலும் சிகிச்சையின் எண்ணிக்கைதான் மாறியிருக்கும். தனியார் காப்பீட்டில் விலை பேரத்தில் படிகிறது. ஊரில் ஒரே ஒரு பெரிய மருத்துவமனை இருந்தால் அது கேட்டதுதான் விலை. ஒரே நகரத்துக்குள், காலுக்கு எடுக்கும் ஒரே எம்.ஆர்.ஐ. படத்துக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை பல மடங்கு விலை மாறுவதைக் கூப்பர் குழு கண்டது. ஆக, டார்ட்மத் அட்லஸ் பொய் சொல்லவில்லை. முதியவர்களைப் பற்றி உண்மையைச் சொன்னது. படித்தவர்கள் அதை அமெரிக்காவைப் பற்றிய உண்மையாக எடுத்துக்கொண்டார்கள். இணையத்தில் கிடைக்கும் சுகாதார அட்டவணை எதையும் திறந்தவுடன் முதலில் படிக்க வேண்டியது வண்ணப் படத்தை அல்ல, ‘இதில் யார் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்’ என்ற அடிக்குறிப்பை. மெக்காலனை இரண்டு அட்டவணைகளோடும் நடத்துகிற ஆசிரியர் கிடைத்த மாணவர் பாக்கியசாலி.

ஊரையும் ஊரையும் ஒப்பிடுவதில் தீராத வில்லங்கம் ஒன்று உண்டு. எந்த இரண்டு ஊரும் ஒன்றில்லை. காப்பீடு இருப்பவரையும் இல்லாதவரையும் ஒப்பிட்டாலும் அதே கதைதான். நோயாளிதான் காப்பீட்டைத் தேடிப் போவார் என்றும் சொல்லலாம், வேலையும் வருமானமும் உள்ள ஆரோக்கியசாலிக்குத்தான் காப்பீடு கிடைக்கும் என்றும் சொல்லலாம். மருந்தைச் சோதிப்பது போல ‘உனக்குக் காப்பீடு, உனக்கு இல்லை’ என்று மக்களைச் சீட்டுப் போட்டுப் பிரிக்க எந்த அரசு துணியும்?

அமெரிக்காவின் ஆரகன் மாநிலம் துணிந்தது. ஆராய்ச்சிக்காக அல்ல, காசில்லாததால். 2008-இல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் சுமார் பத்தாயிரம் இடங்களுக்கே பணம் இருந்தது. பெயர் கொடுத்தவர்கள் சுமார் 90,000 பேர். யாருக்குக் கொடுப்பது? குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் பெயர் வந்தவருக்கும் வராதவருக்கும் நடுவே அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வேறுபாடு கிடையாது. ஏமி ஃபிங்கல்ஸ்டைன், கேத்தரின் பெய்க்கர் முதலான பொருளியல் அறிஞர்கள் இது கிடைத்தற்கரிய வாய்ப்பு என்று பிடித்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள்.

காப்பீடு கிடைத்தவர்கள் மருத்துவரிடம் அதிகம் போனார்கள். மருத்துவக் கடன் குறைந்தது. குடும்பத்தையே கவிழ்க்கும் அளவுக்கான செலவு ஏறக்குறைய ஒழிந்தது. மனச்சோர்வு சுமார் 30 சதவீதம் குறைந்தது. மருத்துவர் கிடைத்துவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது குறையும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது 40 சதவீதம் கூடியது. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவு ஆகியவற்றில் இரண்டு ஆண்டு முடிவில் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் தென்படவில்லை.

2013-இல் இந்த முடிவு வந்தபோது, ஏழைகளுக்கான காப்பீட்டை விரிவாக்குவதா என்று மாநிலம் மாநிலமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. எதிர்த்தவர்கள், பாருங்கள், உடம்பு தேறவில்லை என்றார்கள். ஆதரித்தவர்கள், காப்பீடு என்பது முதலில் பணத்துக்குப் பாதுகாப்பு, அதைச் செய்துவிட்டது என்றார்கள். நடுவில் ஒரு நுட்பம் நசுங்கியது. ‘மாற்றம் தென்படவில்லை’ என்பதும் ‘மாற்றம் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. குலுக்கலில் வந்தவர்களில் எல்லாரும் காப்பீட்டில் சேரவில்லை. சேர்ந்தவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு சிறு பகுதி. அந்தச் சிறு பகுதியில் நல்ல மருந்தால் வரக்கூடிய அளவு முன்னேற்றம் உண்மையிலேயே வந்திருந்தாலும், இத்தனை பேரை வைத்து அதைத் தற்செயலிலிருந்து பிரித்துக் காட்டுவது கடினம்.

இதை வகுப்பில் வாயால் சொன்னால் மாணவர்கள் தலையாட்டுவார்கள். ஆரகன் ஆய்வின் தரவுக் கோப்பு, பெயர்களை நீக்கிவிட்டு, அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகத்தின் இணையதளத்தில் கிடக்கிறது. கணக்கிட்ட கட்டளைகளும் கூடவே. மாணவரே இறக்கி, தாமே கணக்கைப் போட்டு, சர்க்கரை அளவுக்கு வரும் நம்பக இடைவெளி எவ்வளவு அகலம் என்று தம் கண்ணால் பார்க்கும்போது அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் எங்கே தாவியது என்பது பிடிபடுகிறது. நாடாளுமன்ற விவாதத்தில் மேற்கோள் காட்டப்பட்ட எண்ணைத் தன் மடிக்கணினியில் மறுபடியும் பிறப்பித்துப் பார்ப்பது, இயற்பியல் மாணவர் ஊசலை ஆட்டிப் பார்ப்பதற்குச் சமமான காரியம்.

ஸ்வீடனின் ஹான்ஸ் ரோஸ்லிங்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஆனால் நீட்ட வேண்டியதில்லை. நாடுகளின் எண்களை ஆடும் குமிழிகளாகக் காட்டிய அவருடைய படங்களைப் பார்க்காதவர் குறைவு. 1972-இல் பெங்களூரில் பொதுச் சுகாதாரம் படித்தவர் அவர். கரோலின்ஸ்கா கல்லூரியில் தம் மாணவர்களுக்கு ஐந்து ஜோடி நாடுகளைக் கொடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் எந்த நாட்டில் குழந்தைச் சாவு அதிகம் என்று கேட்டார். ஒன்றில் மற்றதைப் போல இரு மடங்கு இருக்கும்படி ஜோடி சேர்த்திருந்தார். முதல் ஜோடி இலங்கையும் துருக்கியும். ஐரோப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் துருக்கிதான் மேல் என்று கெட்டிக்கார மாணவர்கள் நினைத்தார்கள். இலங்கையில்தான் குழந்தைகள் அதிகம் பிழைத்தார்கள். ஐந்துக்குச் சராசரி 1.8 மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால் 2.5 வந்திருக்கும். அறியாமையை விட முன்முடிவு மோசம் என்று கண்டுகொண்ட அவர், 2005-இல் மகனோடும் மருமகளோடும் சேர்ந்து கேப்மைண்டர் அறக்கட்டளையைத் தொடங்கி, ஐ.நா. அமைப்புகளிடம் கிடந்த எண்களை யாரும் பார்க்கும்படி இணையத்தில் அசையவிட்டார். இங்கிலாந்தில் 2015 முதல், ஒவ்வொரு குடும்ப மருத்துவமனையும் மாதாமாதம் எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறது என்பதைக்கூட ‘ஓப்பன் பிரிஸ்கிரைபிங்’ தளத்தில் யாரும் பார்க்கலாம். தம் ஊர் மருத்துவர் விலை மலிந்த மருந்து இருக்க விலை உயர்ந்ததை எழுதுகிறாரா என்று நோயாளியே தேடிப் பார்க்கும் நாடு அது.

நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் டார்ட்மத் அட்லஸ் இல்லை. ஆனால் அதைவிட ஒரு வகையில் அகலமான ஒன்று இருக்கிறது. மும்பை பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் தேசிய குடும்ப நல ஆய்வு. 1992-93-இல் முதல் சுற்று. 2019-21-இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 6,36,699 வீடுகளின் கதவைத் தட்டி, 7,24,115 பெண்களிடம் பேசினார்கள். மருத்துவமனைக்கு வந்தவரா வராதவரா என்ற பேச்சே இல்லை. வீட்டில் இருப்பவரைக் கேட்பதால் பகுதியில் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். 707 மாவட்டங்களுக்கும் தனித்தனி விவரத் தாள் இணையத்தில் இருக்கிறது. 2017 மார்ச் நிலவரப்படியான மாவட்டங்கள் என்பதால் தென்காசிக்காரரும் ராணிப்பேட்டைக்காரரும் தங்கள் மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது. தாய் மாவட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தாளில் சிசேரியன் வரிக்குப் போங்கள். இது நம் காலத்து டான்சில். ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நடந்த பிரசவங்களில் சிசேரியன் இந்திய அளவில் 21.5 சதவீதம். தமிழ்நாட்டில் 44.9. அதற்கு முந்தைய சுற்றில் 34.1 ஆக இருந்தது. தெலங்கானாவில் 60.7. நாகாலாந்தில் 5.2. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதம், தனியாரில் 63.8. தெலங்கானாத் தனியாரில் 81.5. வெர்மான்டின் 13-க்கும் 151-க்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்து வாய் பிளந்தோம். இந்தியாவின் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட அதே இடைவெளி இருக்கிறது.

இதைப் படித்தவுடன் நாக்கு நுனியில் ஒரு தீர்ப்பு வந்து நிற்கும். அதைக் கொஞ்சம் விழுங்கிக்கொண்டு மெக்காலனை நினைத்துக்கொள்ளலாம். நாகாலாந்தின் 5.2 நல்ல மருத்துவத்தின் அடையாளமா? அதே விவரத் தாளில் சில வரிகள் மேலே போனால், அங்கே மருத்துவமனையில் நடந்த பிரசவமே 45.7 சதவீதம்தான் என்று இருக்கிறது. சிசேரியன் செய்ய ஆளும் அறையும் இல்லாத மலைக் கிராமத்தில் சிசேரியன் குறைவாக இருப்பதில் கொண்டாட ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் அந்த எண் 99.6. சிக்கலான கர்ப்பம் எங்கோ வீட்டில் முடிந்து கணக்கில் மறைவதற்கு இங்கே இடம் கிடையாது. அரசு மருத்துவமனைக்கும் தனியாருக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, பணத்துக்காகத்தான் என்று உடனே சொல்வதற்கும் ஒரு தடை இருக்கிறது. தனியாரிடம் போகிறவர்கள் சராசரியாக வசதியானவர்கள், வயதில் கூடியவர்கள், சிலர் தாமே கேட்டு வாங்குகிறவர்கள். நல்ல நட்சத்திரம் பார்த்து, இத்தனை மணிக்குள் எடுத்துவிடுங்கள் டாக்டர் என்று ஜாதகத்தோடு வருகிற குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. எதிர்ப்பக்கம், சிக்கலான பிரசவங்களைக் கடைசி நேரத்தில் அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிடும் பழக்கமும் உண்டு. அது அரசின் எண்ணை ஏற்றும். இவ்வளவையும் கழித்த பிறகும் 63.8 என்பது உயரமான எண்தான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் கழிக்காமல் நினைக்கக் கூடாது.

சரியான அளவு எது? 1985-இல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் கூடிய உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் 10 முதல் 15 சதவீதம் என்றார்கள். 2015-இல் அதே நிறுவனம் கொஞ்சம் கவனமாக, பத்து சதவீதம் வரை கூடக் கூடத் தாய், சேய்ச் சாவுகள் குறைகின்றன, அதற்கு மேலே போவதால் நாட்டளவில் சாவு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்றது. இன்ன எண்ணை எட்டிப் பிடியுங்கள் என்று அது சொல்லவில்லை. தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கிடைக்கட்டும் என்றது. வென்பர்க்கும் கடைசிவரை இதே கேள்வியைச் சுற்றித்தான் வந்தார். 13 சரியா, 151 சரியா என்று எண்கள் சொல்லாது. இரண்டும் சேர்ந்து சரியாக இருக்க முடியாது என்று மட்டும் சொல்லும்.

விவரத் தாளில் இன்னும் ஒரு பாடம் இருக்கிறது, பெரும்பாலோர் கண்ணில் படாதது. சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அந்த மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு 25-இலிருந்து 49 பேர்வரைதான் கிடைத்தார்கள், எண்ணை நம்பிப் பாய வேண்டாம் என்று அர்த்தம். நட்சத்திரக் குறி இருந்தால் 25-க்கும் குறைவு, எண்ணே இல்லை. ‘எங்கள் மாவட்டம் மாநிலத்திலேயே முதலிடம்’ என்று செய்தி வரும்போது அந்த அடைப்புக்குறி பெரும்பாலும் அச்சில் உதிர்ந்துவிடும்.

இந்த ஆய்வுக்கு உலகெங்கும் உடன்பிறப்புகள் உண்டு. அமெரிக்க அரசின் நிதியில் 1984-இல் தொடங்கி, தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நானூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் ஒரே மாதிரியான கேள்விகளோடு நடந்தன. அதனால்தான் பிஹாரையும் பங்களாதேஷையும் தான்சானியாவையும் ஒரே அட்டவணையில் வைக்க முடிகிறது. இந்திய ஆய்வின் தனித்தனிப் பெண்களின் விடைகள் அடங்கிய கோப்பும் பெயர்கள் இல்லாமல் அந்த ஆய்வுத் திட்டத்தின் இணையதளத்தில் சேர்க்கப்பட்டது. பதிவு செய்து, என்ன செய்யப்போகிறோம் என்று நாலு வரி எழுதினால் மாணவருக்கும் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது இந்தத் திட்டமும் நின்றது. தரவு கேட்டு வந்த கோரிக்கைகளுக்குப் பதில் சொல்ல இயலாது என்று தளத்தில் அறிவிப்புப் போட்டார்கள். ஆய்வேட்டின் நடுவில் இருந்த மாணவர்கள் பல நாடுகளில் அப்படியே நின்றார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கும் யாரோ ஒருவர் மின்கட்டணமும் சம்பளமும் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அன்றைக்குப் பலருக்கு உறைத்தது. கோப்பை முன்பே இறக்கி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அந்தக் கோப்பு கையில் உள்ளவர்களுக்கு ஒரு சொல். சிசேரியன் ஆன பெண்களிடம் ஆய்வாளர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார்கள்: அறுவை செய்வது என்ற முடிவு பிரசவ வலி வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டதா, வலி வந்த பிறகா? விவரத் தாளில் இந்த வரி கிடையாது, கோப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டைப் பிரித்தெடுத்து, அரசா தனியாரா என்று இரண்டாகப் பிரித்து, முதல் பிரசவமா என்று இன்னொரு முறை பிரித்து, இந்தக் கேள்வியோடு குறுக்கே வைத்தால் ஓர் அட்டவணை கிடைக்கும். முதல் சிசேரியனுக்குப் பிறகு அடுத்ததும் சிசேரியனாவது வழக்கம் என்பதால் முதல் பிரசவத்தைத் தனியே வைத்துப் பார்ப்பது அவசியம். எல்லாமாகப் பத்து வரிக் கட்டளை. அதில் வரும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர்களோடும் ஜோசியர்களோடும் வாதத்துக்குப் போக வேண்டும்.